கோடு விழும் காகிதம்

ஆர்.எஸ்.மங்கலம் கடைத்தெருவில் கலர் பிரிண்டருக்கு வேலையும் ஓய்வும் பருவம் பார்த்தே வருகின்றன. ஐப்பசி, கார்த்திகையில் பயிர்க் காப்பீட்டுக்கு அடங்கல், சிட்டா, ஆதார் நகல், வங்கிப் புத்தக நகல் என்று ஜெராக்ஸ் கடைகளில் கூட்டம் நெரியும். ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறக்கும்போது சாதிச் சான்றும் வருமானச் சான்றும் பாஸ்போர்ட் சைஸ் படமும் கேட்டு வருவார்கள். இடையில் பங்குனி, சித்திரை வெயிலில் ஊரே முண்டு மிளகாய் பறிப்பதிலும் காய வைப்பதிலும் இருக்கும். கறுப்பு வெள்ளை நகல் எப்படியோ ஓடிக்கொண்டிருக்கும். கலர் பிரிண்டர் மட்டும் நாள் கணக்கில் சும்மா கிடக்கும். பிறகு அவசரமாக ஒரு படம் எடுக்கும்போது தாளின் குறுக்கே வெள்ளைக் கோடுகள் வரிசையாக வந்து நிற்கும்.

“அண்ணே, கோடு கோடா விழுதுண்ணே” என்று வாடிக்கையாளர் சொல்வார். “ஹெட் அடைச்சிருச்சு தம்பி, கிளீனிங் போடுறேன், இருங்க” என்பார் கடைக்காரர். ஒரு முறை, இரண்டு முறை, ஐந்து முறை. டேங்கில் இங்க் குறையும், கோடு போகாது. சில சமயம் முன்பு இரண்டு கோடு இருந்த இடத்தில் ஆறு கோடு வரும். பொத்தானை விடாமல் அழுத்தினால் அடைப்பு ஏன் போவதில்லை, சும்மா விட்டு வைத்தால் ஏன் பல நேரம் போய்விடுகிறது என்பதைத்தான் இந்த அத்தியாயத்தில் பார்க்கப் போகிறோம். காரணம் முழுக்க இயற்பியலிலும் வேதியியலிலும் இருக்கிறது. தெரிந்துகொண்டால் பல பிரிண்டர்களைக் காப்பாற்றலாம்.

முதலில் அளவுகள். நம் ஊர்க் கடைகளில் பரவலாக ஓடும் எப்சன் எல்3110 மாதிரியை எடுத்துக்கொள்வோம். அதன் ஹெட்டில், அதாவது இங்கைத் துளித்துளியாகத் தாளில் தெளிக்கும் பாகத்தில், கறுப்புக்கு 180 துளைகள். நீலம், சிவப்பு, மஞ்சள் ஒவ்வொன்றுக்கும் 59. துளை ஒன்றின் குறுக்களவு ஏறக்குறைய 20 மைக்ரான். தலைமுடியின் பருமன் 50 முதல் 100 மைக்ரான் வரை இருக்கும் என்பதால், ஒரு முடியின் குறுக்கே மூன்று நான்கு துளைகளை வைத்துவிடலாம். துளையிலிருந்து விழும் மிகச் சிறிய துளி 3 பிகோலிட்டர். ஒரு மில்லிலிட்டர் இங்கில் இப்படிப்பட்ட துளிகள் 33 கோடி இருக்கின்றன. கண்ணுக்குத் தெரியாத இந்தத் துளிகள் நொடிக்கு ஆயிரக்கணக்கில் தாளில் சரியான புள்ளியில் விழுந்தால்தான் குழந்தையின் முகம் முகமாக வரும்.

இவ்வளவு சிறிய துளியைத் தள்ள இரண்டு வழிகள் இருக்கின்றன. ஒன்று சூடு. கேனன் நிறுவனத்தில் 1977-ல் இச்சிரோ எண்டோ என்ற ஆய்வாளர் வேலை செய்துகொண்டிருந்தபோது, சூடான சால்டரிங் அயர்ன் ஒரு சிரிஞ்சின் ஊசியில் பட்டது. உள்ளே இருந்த இங்க் ஊசி முனையிலிருந்து தெறித்தது. அதைக் கவனித்ததில் பிறந்ததுதான் குமிழி முறை. துளைக்குப் பின்னால் ஒரு சிறு ஹீட்டர் சில மைக்ரோநொடிகளில் 300 டிகிரிக்கும் மேல் சூடாகும். இங்க் அங்கே ஆவியாகிக் குமிழி ஊதும், குமிழி துளியைத் தள்ளும். ஹெச்பி நிறுவனமும் தனியே இதே வழிக்கு வந்து 1984-ல் திங்க்ஜெட் பிரிண்டரைக் கொண்டுவந்தது. இரண்டாவது வழி அழுத்தம். சில படிகங்களை அமுக்கினால் மின்சாரம் பிறக்கிறது என்று ஜாக், பியர் கியூரி சகோதரர்கள் 1880-ல் கண்டார்கள். அதைத் திருப்பிப் போட்டு மின்சாரம் கொடுத்தால் படிகம் வடிவம் மாறும். எப்சன் ஹெட்டுக்குள் இப்படிப்பட்ட பீசோ தகடு மின்துடிப்புக்கு ஏற்ப வளைந்து இங்க் அறையை ஒரு கணம் நசுக்குகிறது. சூடு கிடையாது. ஹெட் பிரிண்டருக்குள்ளேயே நிலையாக இருக்கும், எளிதில் கழற்ற முடியாது.

எந்த முறையானாலும், துளையை விட்டு வெளியே வரும் இங்க் முதலில் நூல் போல நீண்டு, பிறகுதான் துளியாகத் துண்டாகிறது. திரவ நூல் ஏன் இப்படித் தானாகவே அறுபடுகிறது என்பதை 1870-களில் இயற்பியலாளர்களான பிளாட்டோவும் ரேலே பிரபுவும் விளக்கினார்கள். நம்மவரான எஸ். சந்திரசேகர் 1961-ல் வெளியிட்ட திரவ நிலைத்தன்மை பற்றிய பெரிய நூலில், திரவத் தாரைகளுக்கென்றே ஒரு முழு அத்தியாயம் ஒதுக்கினார். விண்மீன்களைப் பற்றி ஆராய்ந்தவருக்குக் குழாயிலிருந்து விழும் நீர்த்தாரையும் முக்கியமாகப் பட்டது. இரண்டின் கணிதத்துக்கும் நெருங்கிய உறவு உண்டு.

இனி அடைப்புக்கு வருவோம். இங்கில் பெரும்பகுதி தண்ணீர். அதில் சாயம், சீக்கிரம் காயாமல் ஈரம் பிடித்து வைக்கக் கிளிசரின் போன்ற பொருள்கள், பரப்பு இழுவிசையைக் குறைக்கும் சோப்பு போன்ற பொருள் கொஞ்சம். துளையின் வாயில் இங்க் காற்றைத் தொட்டபடி நிற்கிறது. அங்கிருந்து தண்ணீர் மட்டும் ஆவியாகிறது, மற்றவை தங்குகின்றன. வாலிநோக்கம் உப்பளத்தில் உப்பு விளைவதும் இதே ஆவியாதலால்தான். பாத்தியில் நமக்கு வேண்டிய பொருள் மிஞ்சுகிறது, துளையில் வேண்டாத பொருள் மிஞ்சுகிறது, அவ்வளவே வேறுபாடு. தண்ணீர் குறையக் குறைய இங்க் தேன் பதத்துக்குப் போகும், பிறகு பிசின் பதம், கடைசியில் மெல்லிய மூடி. பீசோ தகடு தள்ளும் விசை தண்ணீரைவிடச் சில மடங்கு மட்டுமே கெட்டியான திரவத்துக்குக் கணக்கிடப்பட்டது. பிசினை அது அசைக்காது.

இங்க் எவ்வளவு சீக்கிரம் காயும் என்பது காற்றின் ஈரத்தையும் பொறுத்தது. ஆடியில் இங்கே அடிக்கும் தென்மேற்குக் காற்று, மேற்குத் தொடர்ச்சி மலையில் ஈரத்தை இறக்கிவிட்டு வறண்டு வருகிறது. தொண்டியில் கடலோரக் கடையில் இருக்கும் பிரிண்டருக்குக் கடற்காற்றின் ஈரம் கொஞ்சம் துணை செய்யும். உள்ளே தள்ளி இருக்கும் ஆர்.எஸ்.மங்கலத்தில், தகரக் கூரைக்கடியில் மதியம் இரண்டு மணி வெயிலில், அந்தத் துணை குறைவு.

இங்க் காயாமல் இருக்கத்தான் இப்படிப்பட்ட பிரிண்டர்களில் ஓரத்தில், பெரும்பாலும் வலது பக்கம், ஒரு ரப்பர் மூடி இருக்கிறது. வேலை முடிந்ததும் ஹெட் அங்கே போய் உட்காரும். மூடியின் விளிம்பு ஹெட்டின் அடிப்பரப்போடு ஒட்டி அடைத்துக்கொள்ளும், உள்ளே இருக்கும் பஞ்சின் ஈரம் துளைகளைக் காயவிடாது. பிரிண்டரை அதன் பொத்தானால் நிறுத்தினால்தான் ஹெட் ஒழுங்காக மூடிக்குப் போகும். சுவரில் இருக்கும் சுவிட்சை நிறுத்தினாலோ, பாதி அச்சில் கரண்ட் போனாலோ ஹெட் நடுவழியில் திறந்தபடியே நிற்கலாம். இரவு முழுக்க அப்படி நின்றால் காலையில் கோடு விழுவதில் வியப்பில்லை. கடை அடைக்கும்போது மெயின் சுவிட்சை மட்டும் தட்டிவிட்டுப் போகும் பழக்கம் நம் ஊர்களில் பல ஹெட்டுகளைக் கொன்றிருக்கிறது என்று உறுதியாக நம்புகிறேன்.

சரி, கோடு விழுந்துவிட்டது. முதல் வேலை கிளீனிங் இல்லை, நாஸில் செக், அதாவது ஒவ்வொரு துளையும் வேலை செய்கிறதா என்று பார்க்கும் சோதனை அச்சு. அந்தத் தாளை வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள். நான்கு நிறங்களில் படிக்கட்டு போலச் சின்னச் சின்னக் கோடுகள் இறங்கியிருக்கும். ஒவ்வொரு சின்னக் கோடும் ஒரு துளை போட்டது. கறுப்பிலும் நீலத்திலும் விடுபட்ட படி சட்டென்று தெரியும். மஞ்சள் வெள்ளைத் தாளில் மங்கி இருக்கும், அங்கேதான் கண் ஏமாறும். தாளைச் சாய்த்துப் பிடித்துப் பொறுமையாகப் பார்க்க வேண்டும். படத்தைப் பார்த்தும் சொல்லிவிடலாம். மஞ்சள் விடுபட்டால் முகம் ரோஜா நிறத்துக்குப் போகும். சிவப்பு விடுபட்டால் முகம் பசுமஞ்சளாகி நோயாளி போலத் தெரியும். நீலம் விடுபட்டால் நீலச் சட்டை இளஞ்சிவப்பாகும்.

நாஸில் செக்கை ஒரு முறை எடுத்தால் போதாது. ஒரே ஒரு கிளீனிங் போட்டுவிட்டு இன்னொன்று எடுத்து, இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்க வேண்டும். விடுபட்ட படிகள் அதே இடத்தில் இருக்கின்றனவா, இடம் மாறியிருக்கின்றனவா? அதே இடத்தில் இருந்தால் காய்ந்த இங்க். முதலில் மூன்றாம் படி இல்லை, இப்போது மூன்று வந்துவிட்டது, பதினெட்டு இல்லை என்றால் அது காய்ந்த இங்க் இல்லை, காற்று. நோயே வேறு. காற்றுக்கு அடைப்புக்கான மருந்தைக் கொடுப்பதில்தான் பாதிப் பிரிண்டர்கள் கெடுகின்றன.

காற்று எப்படிப் பிரிண்டரை நிறுத்துகிறது? தண்ணீரை அமுக்க முடியாது என்றே சொல்லலாம். காற்று அதைவிட 15,000 மடங்குக்கும் மேல் எளிதாக அமுங்கும். இங்க் அறையில் ஒரு சிறு குமிழி இருந்தால், பீசோ தகடு கொடுக்கும் தள்ளலைக் குமிழி சுருங்கியே விழுங்கிவிடும். துளைக்கு அழுத்தம் போய்ச் சேராது. துளை திறந்தே இருக்கும், இங்கும் நிறைந்தே இருக்கும், துளி மட்டும் வராது. டேங்கில் இங்க் அடிக்கோட்டுக்குக் கீழே போகவிட்டதால் காற்று புகுந்திருக்கலாம், குழாய் இணைப்பில் கசிவு இருக்கலாம், பிரிண்டரைப் பைக்கில் சாய்த்து எடுத்துப் போயிருக்கலாம். அடுத்தடுத்து கிளீனிங் போடும்போது வேகமான உறிஞ்சலிலும் காற்று உள்ளே வரும்.

இதற்கு மருந்து காத்திருத்தல். எப்சனின் கையேடே அதைச் சொல்கிறது: மூன்று முறை நாஸில் செக்கும் கிளீனிங்கும் செய்து சரியாகவில்லை என்றால், பிரிண்டரை நிறுத்திவிட்டுக் குறைந்தது 12 மணி நேரம் அச்செடுக்காமல் விடுங்கள், பிறகு பாருங்கள். சர்வீஸ்காரர் நேரம் கடத்துகிறார் என்று இதைக் கேட்டு எரிச்சல் படுபவர்கள் உண்டு. உண்மையில் அந்த 12 மணி நேரம் உள்ளே ஒரு வேலை நடக்கிறது. சிறு குமிழியைச் சுற்றியிருக்கும் திரவத்தின் பரப்பு இழுவிசை அதை எப்போதும் நசுக்கிக்கொண்டே இருக்கும். சிறிய குமிழிக்கு நசுக்கல் அதிகம். நசுங்கிய காற்று கொஞ்சம் கொஞ்சமாக இங்கிலேயே கரைந்துபோகிறது. எப்ஸ்டீனும் பிளெஸ்ஸட்டும் 1950-ல் இதற்குக் கணக்குப் போட்டார்கள். காற்று ஏற்கனவே நிறைந்திருக்கும் தண்ணீரில் 10 மைக்ரான் ஆரமுள்ள குமிழி சில நொடிகளில் மறையும். ஆரம் 10 மடங்கானால் நேரம் கிட்டத்தட்ட ஆயிரம் மடங்கு, அதாவது ஒன்றரை மணி நேரத்துக்கும் மேல். அதையும் தாண்டிய பெரிய குமிழிக்கு ஓர் இரவு தேவைப்படுவது இதனால்தான்.

காய்ந்த இங்குக்கும் காத்திருத்தல் உதவும், வேறு காரணத்தால். துளையின் பின்பக்கம் புது இங்க் நிற்கிறது. அதிலிருக்கும் தண்ணீர் காய்ந்த அடைப்புக்குள் மெல்ல ஊறிப் பரவும். இப்படிப் பரவுவதற்கு ஆகும் நேரம் ஆழத்தின் இருமடியைப் பொறுத்தது. அடைப்பின் நீளம் இரண்டு மடங்கானால் ஊறும் நேரம் நான்கு மடங்கு. ஒரு வாரம் சும்மா கிடந்ததில் காய்ந்தது சீக்கிரம் ஊறும். மூன்று மாதம் கிடந்ததற்கு இரண்டு மூன்று இரவுகள்கூட ஆகலாம்.

கிளீனிங் பொத்தான் ஏன் தோற்கிறது என்பதற்கு ஆர்.எஸ்.மங்கலத்துக்காரர்களுக்கு விளக்கம் தேடி எங்கும் போக வேண்டாம். நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடை என்று பேர்பெற்ற பெரிய கண்மாய் ஊரிலேயே இருக்கிறது. ஒரு மடையில் தூர் அடைத்து அதன் கீழ் இருக்கும் வயல் காய்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கண்மாயிலிருந்து இன்னும் வேகமாகத் தண்ணீர் திறந்தால் திறந்த மடைகள் வழியாகத்தான் அது ஓடும். அடைத்த மடை அடைத்தபடியே இருக்கும். ஹெட்டின் துளைகள் அனைத்தும் ஒரே ரப்பர் மூடிக்குள் இருக்கின்றன. கிளீனிங்கில் அந்த மூடியோடு இணைந்த பம்ப் உறிஞ்சும்போது நன்றாக இருக்கும் மற்ற துளைகளின் வழியே இங்க் தாராளமாக வந்து பாழாகிறது. அடைத்த ஒன்றின் மேல் விழும் இழுவை சொற்பம். குழாயின் ஆரம் பாதியானால் ஓட்டம் பதினாறில் ஒரு பங்காகிவிடும் என்பது பொய்சொய் கண்ட விதி. பாதி அடைத்த துளைக்கே இந்தக் கதி. ஆகவே முதலில் ஊற வேண்டும், பிறகு உறிஞ்ச வேண்டும். வரிசையை மாற்றினால் காசு போவதோடு வேஸ்ட் பேடும் நிறையும். கிளீனிங்கில் உறிஞ்சிய இங்க் முழுவதும் பிரிண்டரின் அடியில் இருக்கும் அந்தப் பஞ்சுக்குத்தான் போகிறது. அது நிறைந்துவிட்டதாகக் கணக்கு வந்தால் பிரிண்டர் வேலை நிறுத்தம் செய்யும்.

பம்ப் உறிஞ்சவே இல்லை என்றால்? இது பலர் பார்க்கத் தவறும் இடம். ரப்பர் மூடியின் விளிம்பில் ஒரு முடியோ மிளகாய்த் தூசியோ காய்ந்த இங்கோ ஒட்டியிருந்தாலும் காற்றுப் புகும், உறிஞ்சல் நடக்காது. சோதனை எளிது. ஹெட்டை ஓரமாக நகர்த்தி, மூடிக்குள் சிரிஞ்சால் சில சொட்டு டிஸ்டில்டு வாட்டர் விட்டு, ஒரு கிளீனிங் போடுங்கள். முடிந்ததும் மூடி வற்றியிருந்தால் பம்ப் நலம். தண்ணீர் அப்படியே நின்றால் ஹெட்டைக் குறை சொல்லிப் பயனில்லை, மூடியையும் அதன் குழாயையும் பாருங்கள். விளிம்பை நூல் உதிராத ஈரத் துணியால் துடைத்தாலே பல பிரிண்டர்கள் பிழைத்துவிடும்.

டிஸ்டில்டு வாட்டர் என்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ராமநாதபுரம் மாவட்டத்து நிலத்தடி நீரின் உப்பு நம் எல்லாருக்கும் தெரியும். அந்த நீரிலும், காய்ச்சிய பின்னும்கூட, கால்சியம் அயனிகள் மிஞ்சியிருக்கும். இங்க் சாயத்தின் மூலக்கூறுகளும் நிறமித் துகள்களும் எதிர்மின்னூட்டம் கொண்டவை. ஒன்றை ஒன்று விலக்கிக்கொண்டு இருப்பதால்தான் அவை கட்டிதட்டாமல் மிதக்கின்றன. இரட்டை நேர்மின்னூட்டம் கொண்ட கால்சியம் வந்து சேர்ந்தால் அந்த விலக்கல் அறுபட்டுத் துகள்கள் திரளும். ஒற்றை மின்னூட்டம் கொண்ட சோடியத்தைவிட இரட்டை மின்னூட்டம் கொண்டவை பல மடங்கு குறைந்த அளவிலேயே திரள வைத்துவிடும் என்பதை ஷூல்ஸ் 1882-லும் ஹார்டி 1900-லும் கண்டறிந்தார்கள். போர்த் தண்ணீரால் ஹெட்டைக் கழுவுவது அடைப்பை எடுக்கும் வேலை இல்லை, புது அடைப்பு செய்யும் வேலை. நிறமி இங்கும் சாய இங்கும் கலந்துபோனாலும், எந்தக் கம்பெனி என்றே தெரியாத லிட்டர் இங்கை மிச்சத்தின் மேல் ஊற்றினாலும் இதே திரளல் நடக்கலாம். குண்டூசி வேண்டவே வேண்டாம். 20 மைக்ரான் துளைக்குள் குண்டூசியின் முனை நுழையாது, துளையின் விளிம்பைத்தான் சிதைக்கும். துளி பிறகு கோணலாகப் பறக்கும், அதற்கு மருந்து இல்லை.

ஹெச்பி, கேனன் வகைகள் பலவற்றில் ஹெட் கையோடு கழன்று வரும். அது பெரிய வசதி. டிஷ்யூ பேப்பரை மடித்து, வெதுவெதுப்பான டிஸ்டில்டு வாட்டரில் நனைத்து, துளைப்பக்கம் கீழே இருக்கும்படி அதன் மேல் வைத்துவிடுங்கள். சிறிது நேரத்தில் டிஷ்யூவில் நிறங்கள் இறங்கத் தொடங்கும். மூன்று நிறமும் தனித்தனிப் பட்டையாக இறங்கினால் நல்ல செய்தி. இரண்டு மட்டும் இறங்கினால் மூன்றாவதுதான் அடைத்தது என்று அப்போதே தெரிந்துவிடும். தேய்க்கக் கூடாது, ஒற்ற வேண்டும். செம்பு நிறத்தில் பளபளக்கும் மின்தொடர்புகளில் ஈரம் படக்கூடாது. இந்த வகையில் இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. இங்க் தீர்ந்த பிறகும் அச்செடுக்காதீர்கள். ஹீட்டரைக் குளிர வைப்பது இங்க்தான். இங்க் இல்லாமல் சூடானால் ஹீட்டர் கருகும், அந்தத் துளை பிறகு எழாது.

வாடிக்கையாளர் அவசரமாக நிற்கிறார், கோடு இரண்டுதான், பன்னிரண்டு மணி நேரம் காத்திருக்க வழியில்லை. அப்போது அச்சுத் தரத்தை ‘ஹை’யில் வையுங்கள். வேகமான அச்சில் ஒரு வரியை ஒரே துளை ஒரே நடையில் போடும், அது அடைத்திருந்தால் வெள்ளைக் கோடு. உயர் தரத்தில் ஹெட் ஒரே இடத்தைப் பல நடைகளில், வெவ்வேறு துளைகளால் நிரப்பும். அடைத்த துளையின் குறையைப் பக்கத்துத் துளைகள் மூடிவிடும். நேரம் கூடும், படம் கிடைக்கும். ஆனால் இது அன்றைய வேலைக்கு மட்டும். கோடு மறைந்தது என்று விட்டுவிட்டால் அந்தத் துளை மேலும் காயும்.

பட்டா நகலில் புல எண்ணின் மேல் ஒரு வெள்ளைக் கோடு விழுந்தால், தாலுகா அலுவலகத்தில் விவசாயி திரும்ப அனுப்பப்படலாம். மிளகாய் வற்றல் விற்ற காசில் பஸ் ஏறி வந்தவருக்கு அது ஒரு நாள் கூலி. அதனால் கடைக்காரர்களிடம் என் வேண்டுகோள் இதுதான். வாரத்துக்கு ஒரு நாள், வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும், நான்கு நிறமும் வரும் ஒரு பக்கத்தை அச்செடுங்கள். இரவில் பிரிண்டரை அதன் சொந்தப் பொத்தானால் நிறுத்தி, ஹெட் ஓரம் போய் உட்காரும் சத்தம் கேட்ட பிறகு சுவர் சுவிட்சைத் தொடுங்கள். சர்வீஸுக்குக் கொண்டுபோக வேண்டி வந்தால், முன்னும் பின்னும் எடுத்த நாஸில் செக் தாள்களில் தேதியும் நேரமும் எழுதி, அவற்றையும் கையோடு எடுத்துப் போங்கள். ராமநாதபுரம் வரை வண்டிச் சத்தம் கொடுத்துப் போகிறவருக்கு, காற்றா காய்ந்த இங்கா என்பதை ஹெட்டைக் கழற்றும் முன்பே சொல்லிவிட அந்தத் தாள்கள் போதும்.